பெருக்கி கிட் பூட்டுவதா, கம்பியை உயர்த்துவதா?

"அண்ணை, 5 வாட்டிலை கத்திக் களைச்சுப் போனன். ஒரு 50 வாட் கிட் எடுத்துப் பூட்டட்டோ?"

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காக ஒலிபரப்பிப் பேசும்) உரிமம் எடுத்து அதிக காலமில்லை. கையில் அனுப்பவும் கேட்கவும் 5 வாட் செட் ஒன்று, கூரைக்குச் சற்று மேலே 40 மீற்றர் அலைவரிசைக்கு (7 மெகாஹேர்ட்ஸ்) டைபோல், அதாவது நடுவில் கேபிள் பூட்டிய கம்பி அன்டெனா ஒன்று. மோர்ஸ் ஓரளவு வரும், ஆனால் ஆசை குரலில் பேசத்தான். சிறிய செட்டோடு தொடங்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இதே யோசனை வரும். செட்டின் வலுவை உயர்த்தும் பெருக்கிகள், பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட்டுகளாக, இணையத்தில் மலிவாகக் கிடக்கின்றன. சோல்டர் பிடிக்கத் தெரிந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடலாம் போலவும் தெரியும்.

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். தூர நாடுகளைப் பிடிக்க வேண்டும் என்றால் திருகோணமலையில் இருப்பவர் முதலில் காசைப் போட வேண்டிய இடம் அன்டெனா. 40 மீற்றரில் யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை என்று குரலில் பேச வேண்டும் என்றால் பெருக்கி உண்மையிலேயே உதவும். ஆனால் எந்தப் பெருக்கி என்பது நீங்கள் மோர்ஸா, குரலா, கணினி வழிச் சிறு செய்திகளான எஃப்டி8ஆ என்பதைப் பொறுத்தது. கிட்டின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கணக்குப் பிழைக்கும்.

10 டெசிபல் என்றால் எவ்வளவு?

5 வாட் 50 வாட் ஆவது 10 டெசிபல் ஏற்றம். எதிர்முனையில் இருப்பவரின் செட்டில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபல். ஆக, பத்து மடங்கு வலுவுக்கு அவருடைய மீட்டர் ஒன்றரைப் புள்ளிக்குக் கொஞ்சம் மேலே நகரும், அவ்வளவுதான். 100 வாட் ஆக்கினாலும் 13 டெசிபல், இரண்டு புள்ளியை ஒட்டி. ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் இடத்தில் இதனால் ஒன்றும் மாறாது. இரைச்சலுக்குள் பாதிச் சொல் பிடிபட்டும் பாதிச் சொல் தவறியும் போகிற இடத்தில்தான் இந்த ஒன்றரைப் புள்ளிக்கு மதிப்பு. அங்கே அது ஒரு முழு உரையாடலைக் காப்பாற்றித் தரும்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். பெருக்கி நம் குரலைத்தான் உயர்த்தும், நம் காதை உயர்த்தாது. ஊருக்குள் எல்ஈடி பல்புகளும் ஃபோன் சார்ஜர்களும் சூரிய மின் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் இரைச்சல் அப்படியே இருக்கும். 50 வாட்டில் கூப்பிட்டு, பதில் சொல்பவரைக் கேட்க முடியாமல் நிற்பது யாருக்கும் நல்லதல்ல.

அதே 10 டெசிபலைக் காசில்லாமல் எடுக்கவும் வழி உண்டு. சிற்றலையில் வழக்கமான எஸ்எஸ்பி முறைக் குரலை விட்டு மோர்ஸுக்கு மாறினால் ஏறத்தாழ அந்த அளவு லாபம் கிடைக்கும். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017இல் வெளியிட்ட எஃப்டி8 இன்னும் கீழே இறங்கும். 2500 ஹேர்ட்ஸ் அகலத்தில் இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே கிடக்கும் சிக்னலையும் அது பிரித்தெடுத்துவிடும். 5 வாட்டில் கண்டம் தாண்டுவது அதில் தினசரி நடப்பு. ஆனால் பேச ஆசைப்படுகிறவரிடம் "கணினியைப் பூட்டு" என்று சொல்வது பதிலாகாது. அவருக்கு வேண்டியது எதிர்முனையில் ஒரு மனிதக் குரல்.

கடல் தரும் லாபம்

நம்மூருக்கு வடக்கே பெர்க்காராவில் ஜெர்மனியின் டொய்ச்ச வெலே வானொலி 1980களில் அமைத்த மறுஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1548 கிலோஹேர்ட்ஸில் 400 கிலோவாட், சிற்றலையில் 250 கிலோவாட் என்று பெரிய ஒலிபரப்பிகள். அவ்வளவு வலுவை வைத்துக்கொண்டும் கோபுரங்கள் நட்டு, திசைக்கு ஒன்றாகத் திரை அன்டெனாக்களைக் கட்டினார்கள். வலு கையில் இருக்கிறவர்களே அன்டெனாவில் சிக்கனம் பார்க்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

20 மீற்றர் அலைவரிசையை எடுத்துக்கொள்வோம். 14 மெகாஹேர்ட்ஸ் டைபோலின் நீளம் 10 மீற்றர். அதை 5 மீற்றர் உயரத்தில் கட்டினால் சிக்னலில் பெரும்பகுதி வானத்தைப் பார்த்துப் போகும். 10 மீற்றருக்கு உயர்த்தினால், தூர நாடுகளுக்கு வேண்டிய 15 பாகை போன்ற தாழ்ந்த கோணத்தில் கிட்டத்தட்ட 5 டெசிபல் கூடும் என்பது நல்ல நிலத்துக்கான கணக்கு. முற்றத்துத் தென்னையில் கயிற்றை இன்னும் 5 மீற்றர் மேலே ஏற்றுவதற்குக் கிடைக்கும் பலன், 5 வாட்டை 16 வாட் ஆக்குவதற்குச் சமம். அதோடு எதிர்முனைச் சிக்னலும் அதே அளவு கூடி வரும். பெருக்கி அதைச் செய்யாது.

கடற்கரை இன்னும் பெரிய கதை. செங்குத்து அன்டெனாவுக்கு உப்புத் தண்ணீரைப் போன்ற தரை வேறு இல்லை. காய்ந்த மணல் மின்னைக் கடத்துவது சொற்பம், கடல் நீர் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்தும். 14.060 மெகாஹேர்ட்ஸுக்கு 5.1 மீற்றர் கம்பி ஒன்றை ஃபைபர் தடியில் நிமிர்த்தி, அதே நீளத்தில் இரண்டு கம்பிகளை நிலத்துக்குச் சற்று மேலே பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, அலை வந்து தொடும் கோட்டுக்கு ஐந்து மீற்றருக்குள் நிறுத்தினால், 5 முதல் 10 பாகைக் கோணத்தில் உள்நாட்டு மண்ணைவிட 6 முதல் 10 டெசிபல் வரை கூடுதல் கிடைக்கும். நிலாவெளிக் கரையில் நின்றால் வடகிழக்கும் கிழக்கும் திறந்த கடல். ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா எல்லாம் அந்தப் பக்கம்தான். ஐரோப்பா நிலப்பக்கம் என்பதால் அங்கே இதே லாபத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் கிழக்கே பார்க்கும்போது, கிட் வாங்கிப் பெறக்கூடிய 10 டெசிபலுக்குக் கிட்டவானதைக் கடல் சும்மா தருகிறது. வீட்டு இரைச்சலும் அங்கே இல்லை.

ஒரு எச்சரிக்கை. துறைமுகத்தில் கடற்படைத் தளமும் சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் இருக்கும் ஊர் இது. கரையில் கம்பம் நட்டு ஒலிபரப்பப் போகிறவர் உரிமத்தின் பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும், அந்தப் பகுதிப் பொலிஸில் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிடுவதும் நல்லது.

அப்புறம் செட்டையும் அன்டெனாவையும் இணைக்கும் கோக்ஸ் கேபிள். 30 மீற்றர் ஆர்ஜி-58 வகைக் கேபிள் புதிதாக இருக்கும்போதே 14 மெகாஹேர்ட்ஸில் ஒன்றரை டெசிபலுக்குக் குறையாமல் தின்னும். 5 வாட் அன்டெனாவைத் தொடும்போது மூன்றரை வாட்தான் மிஞ்சும். உப்புக் காற்று பட்டுப் பின்னல் கறுத்துப் போன கேபிளில் நிலைமை இன்னும் மோசம். முனையில் இரண்டு அங்குலம் உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இல்லாமல் கறுப்போ பச்சையோ பிடித்திருந்தால், பெருக்கி பற்றி யோசிக்கும் முன் கேபிளை மாற்ற வேண்டும்.

40 மீற்றரில் கதை வேறு

மேலே சொன்னதெல்லாம் தூரத்துக்கு. பக்கத்து ஊர்களோடு பேசுவதற்கு அதே வாதம் செல்லாது. நேர்கோட்டில் யாழ்ப்பாணம் சுமார் 180 கிலோமீற்றர், கொழும்பு 235, சென்னை 510. இந்தத் தூரங்களுக்குப் பகலில் 7 மெகாஹேர்ட்ஸ் சிக்னல் ஏறத்தாழ நேரே மேலே போய்த் திரும்பி இறங்க வேண்டும். அதற்குத் தாழ்வாகக் கட்டிய டைபோலே சரியானது. தம்பியின் கூரைக்கு மேலே இருக்கும் 20 மீற்றர் நீளக் கம்பி இந்த வேலைக்கு ஏற்கெனவே நல்ல அன்டெனா. அதை உயர்த்தினால் இந்தத் திசையில் லாபம் இல்லை, குறையவும் கூடும்.

இங்கே தடை எதிர்முனையில் இருக்கிறது. கொழும்பிலும் சென்னையிலும் அடுக்குமாடிகளுக்கு நடுவே கேட்கும் ஒருவருக்கு எஸ்6, எஸ்7 இரைச்சல் சாதாரணம். அவருடைய இரைச்சலை நாம் குறைக்க முடியாது. நம் சிக்னலை அதற்கு மேலே தூக்க முடியும், அதற்கு வலுதான் வழி. ஆகவே 40 மீற்றரில் குரலில் பேச விரும்புகிறவர் பெருக்கி கேட்பது நியாயமான ஆசை என்பது என் முடிவு.

எந்தக் கிட்?

மோர்ஸ் மட்டும் போதும் என்பவருக்குத் தெரிவு சுலபம். கியூஆர்பி லேப்ஸ் தரும் 50 வாட் கிட் போன்ற ஒற்றை அலைவரிசைக் கிளாஸ் சி பெருக்கி. கியூசிஎக்ஸ் போன்ற சிறிய மோர்ஸ் செட்டுகளுக்கு என்றே அமைத்தது. இரண்டு ஐஆர்எஃப்510 ட்ரான்ஸிஸ்டர், அனுப்புதல்-கேட்டல் மாற்றி, மேல் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டர், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் எல்லாம் ஒரே கிட்டில் வரும். கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். 50 வாட் என்பது 20 வோல்ட் கொடுத்தால்தான். வெளிவலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும் என்பதால், 12 வோல்ட் பற்றரியில் 18 வாட் அளவுதான் எதிர்பார்க்கலாம். 5 வாட்டிலிருந்து அது ஒரு எஸ் புள்ளிகூட இல்லை. பழைய மடிக்கணினியின் 19.5 வோல்ட் அடாப்டர் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். 90 வாட் வகையாகப் பாருங்கள். சில அடாப்டர்கள் கேட்கும்போது இரைச்சல் எழுப்பும், வயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

கிளாஸ் சி குரலுக்கு ஆகாது. சிக்னல் வந்தால் முழுதாகத் திறக்கும், மெல்லிய சிக்னலுக்குத் திறக்கவே திறக்காது. எஸ்எஸ்பியை அதில் விட்டால் சொற்கள் கடித்துக் குதறியது போல வரும், பக்கத்து அதிர்வெண்களில் இருப்பவர்களையும் குழப்பும். குரலுக்கு, உள்ளே வரும் ஏற்ற இறக்கத்தை அப்படியே பெருக்கும் நேரியல் பெருக்கி வேண்டும். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைச் செட்டுகள் வைத்திருப்பவர்களும் இந்தப் பக்கம்தான்.

இங்கேதான் சீனத்திலிருந்து வரும் 45, 70, 100 வாட் போர்டுகள் கண்ணில் படும். பார்க்க மலிவு. ஆனால் அவற்றில் பல, போர்டு மட்டும்தான். லோ பாஸ் ஃபில்டர் இருக்காது. பெரிய ஹீட் சிங்க் இருக்காது. அனுப்புதல்-கேட்டல் மாற்றும் ரிலே இருந்தால் அதிர்ஷ்டம். இவற்றில் மற்றதெல்லாம் இல்லாமல் ஒரு நாள் சமாளிக்கலாம், ஃபில்டர் இல்லாமல் அன்டெனாவில் பூட்டவே கூடாது.

காரணம் இது. 7.030 மெகாஹேர்ட்ஸில் அனுப்பும்போது ஹார்மோனிக் எனும் மடங்கு அதிர்வெண்களில் இரண்டாவது 14.060, மூன்றாவது 21.090. ஜோடியாக இழுத்துத் தள்ளும் சுற்று இரண்டாவதை ஓரளவு அடக்கிவிடும், மூன்றாவதை அடக்காது. அது 13 டெசிபல் மட்டுமே தாழ்ந்து நின்றால், 50 வாட்டோடு சேர்ந்து 21 மெகாஹேர்ட்ஸில் 2.5 வாட் வெளியே போகும். 40 மீற்றர் டைபோல் அதன் மூன்று மடங்கு அதிர்வெண்ணிலும் நன்றாக இசையும் என்பதால், அந்த 2.5 வாட்டையும் அன்டெனா தடையில்லாமல் பரப்பிவிடும். அனைத்துலக விதிப்படி இந்த அளவு வலுவில் தேவையற்ற சிக்னல்கள் 50 டெசிபல் கீழே இருக்க வேண்டும், அதாவது இலட்சத்தில் ஒரு பங்கு.

ஃபில்டரை நாமே சுற்றலாம், அது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் 5 வாட் செட்டுக்குச் சுற்றிய பாகங்களை இங்கே போடக் கூடாது. 50 ஓமில் 50 வாட் என்றால் உச்ச மின்னழுத்தம் 71 வோல்ட். அன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் 3க்கு 1 ஆகிவிட்டால் அது 106 வோல்ட்டைத் தொடும். கடையில் கையில் எடுத்துத் தரும் 50 வோல்ட் செராமிக் கப்பாசிட்டர் அங்கேயே வெடிக்கும். சூட்டில் மதிப்பு மாறாத என்பி0 வகையில், 200 வோல்ட்டுக்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். சுருள் சுற்றும் வளையமும் டி50-2க்குப் பதில் டி68-2 என்றால் சூடாகாமல் நிற்கும்.

அடுத்தது பயஸ், அதாவது சிக்னல் இல்லாதபோதும் ட்ரான்ஸிஸ்டரில் ஓடவிடும் சிறு மின்னோட்டம். நேரியல் போர்டில் கவனமாகச் செய்ய வேண்டிய ஒரே அமைப்பு இது. பயஸ் பொட்டுகள் (திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்கள்) இரண்டையும் முழுக்கக் குறைத்துவிட்டு, அன்டெனாவுக்குப் பதிலாக வலுவை வாங்கிச் சூடாக்கிவிடும் டம்மி லோட் பூட்டி, 13.8 வோல்ட் வயரில் அம்பியர் மீட்டரைத் தொடராக வைத்து, செட்டிலிருந்து சிக்னல் எதுவும் கொடுக்காமல், ஒரு பொட்டை மட்டும் மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு ஐஆர்எஃப்510க்கு 50 முதல் 100 மில்லியம்பியர் ஏறியதும் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முடிந்ததும் கையை எடுத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். யாரும் தொடாமலே எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு போனால், சூடு பார்க்கும் டயோட் ஹீட் சிங்க்கில் ஒட்டியிருக்கவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் விட்டால் ட்ரான்ஸிஸ்டர் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும்.

உள்ளே போகும் வலுவையும் பார்க்க வேண்டும். பல போர்டுகள் இரண்டு வாட்டுக்கே முழுதாகத் திறந்துவிடும். அதில் 5 வாட்டை அப்படியே விட்டால் குரலின் உச்சங்கள் தட்டையாக வெட்டுப்படும். செட்டில் வலுவைக் குறைக்க முடியாவிட்டால் இடையில் 3 டெசிபல் குறைப்பான் ஒன்று போதும். நடுவில் 18 ஓம், இரு பக்கமும் நிலத்துக்கு 300 ஓம். வயர் சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம், கார்பன் அல்லது மெட்டல் ஆக்சைட் வகையில் சிலவற்றைச் சேர்த்து 5 வாட்டைத் தாங்கும்படி கட்டுங்கள்.

மூன்றாவது வகை, ஹார்ட்ராக்-50 போன்ற முழுமையான கிட். 5 வாட் கொடுத்தால் 50 வாட், எல்லா அலைவரிசைக்கும் ஃபில்டர், பெட்டி, பாதுகாப்பு எல்லாம் உள்ளே. நல்ல சாமான். விலையும் அதற்கேற்றபடி, அதற்கு மேல் கப்பல் கூலியும் சுங்கமும். பல அலைவரிசைகளில் குரலில் பேசுகிறவருக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

கச்சான் காற்றும் பற்றரியும்

போர்டு விற்பவர்கள் சொல்லாத ஒன்று, நம்மூர் வெக்கை. நேரியல் போர்டுகளில் வரும் கிளாஸ் ஏபி பெருக்கி பாதியை சிக்னலாகவும் பாதியைச் சூடாகவும் தரும். 50 வாட் வெளியே போனால் 50 வாட் ஹீட் சிங்க்கில் இறங்கும். கச்சான் என்னும் வெக்கைக் காற்று வீசும் நாளில் அறை 35 பாகை. ஒரு வாட்டுக்கு ஒரு பாகை ஏறும் நடுத்தர ஹீட் சிங்க் தொடர்ந்து அனுப்பினால் 85ஐத் தொடும். ஐஆர்எஃப்510க்கு உள்ளே ஒரு வாட்டுக்கு 3.5 பாகை. ஒவ்வொன்றும் 25 வாட் தாங்கினால் இன்னும் 87. இடையில் வைக்கும் மைக்காத் துண்டுக்கு 25 அளவு. மொத்தம் 197. அதன் எல்லையோ 175.

குரலில் பேசும்போது சராசரி வலு இதைவிட மிகக் குறைவு, ஆகவே பயமில்லை. எஃப்டி8 அப்படியல்ல. 15 விநாடியில் 12.64 விநாடி முழு வலுவில் அனுப்பி, அடுத்த 15 விநாடி கேட்கும். அதற்கு ஒரு விசிறியைப் பூட்டி, வலுவையும் 20, 25 வாட்டுக்குக் குறைத்துவிடுங்கள். கிளாஸ் சி 70 வீதத் திறனில் ஓடும்போது 50 வாட்டுக்கு 21 வாட்தான் சூடு. மோர்ஸ்காரருக்கு அதைச் சிபாரிசு செய்வதில் எனக்குத் தயக்கமே இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்சாரத்தின் கதையும் இதே. 5 வாட் செட்டை யூபிஎஸ்ஸில் இருக்கும் 7 அம்பியர்-மணிப் பற்றரியில் ஒரு மாலை முழுக்க ஓட்டலாம். 50 வாட் நேரியல் போர்டு பேச்சின் உச்சத்தில் 7, 8 அம்பியர் இழுக்கும். அந்தச் சின்னப் பற்றரி அப்போது 11.8 வோல்ட்டுக்கு இறங்கினால், 13.8இல் 50 தந்த போர்டு 37 வாட்தான் தரும், குரலும் சிதையும். 20 அம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியோ, 13.8 வோல்ட் 10 அம்பியர் மின்வழங்கியோ இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். போர்டின் விலையோடு இதையும், ஃபில்டரையும், ஹீட் சிங்க்கையும், பெட்டியையும் கூட்டிப் பார்த்தால் மலிவு என்று தெரிந்தது அவ்வளவு மலிவாக இருக்காது.

அந்தக் கூட்டுத்தொகை ஒரு பழைய 100 வாட் செட்டின் விலைக்குக் கிட்ட வந்துவிட்டால், செட்டையே வாங்குங்கள். ஃபில்டர், பாதுகாப்பு, நல்ல ரிசீவர் எல்லாம் அதற்குள் இருக்கும். குறை ஒன்றுதான். அனுப்பும்போது 20 அம்பியருக்குக் கிட்டக் கேட்கும், சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே ஒரு அம்பியர் அளவு போகும். சூரியத் தகட்டில் ஓட்டுகிறவருக்கும், தடியைத் தூக்கிக்கொண்டு நிலாவெளிக்குப் போகிறவருக்கும் அது பாரம்.

எதை வாங்கினாலும் கட்டளை போடும் முன் இரண்டு காரியம். உரிமத்தில் உங்கள் வகுப்புக்கு எந்த அலைவரிசையில் எத்தனை வாட் அனுமதி என்று பாருங்கள். ஒலிபரப்பும் சாமான் வெளிநாட்டிலிருந்து வருவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் என்ன அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பார்சல் சுங்கத்தில் வந்து நின்ற பிறகு கேட்பதைவிட அது எவ்வளவோ சுகம்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஆசை 40 மீற்றர் குரல், அன்டெனா ஏற்கெனவே சரி, ஆகவே நேரியல் போர்டு எடுக்கலாம். 40 மீற்றருக்கு மட்டும் ஒரு ஃபில்டரைச் சுற்றி, 50ஐக் கேட்காமல் 30, 35 வாட்டில் ஓட்டலாம். 50க்கும் 35க்கும் இடையே ஒன்றரை டெசிபல்தான், எதிர்முனையில் யாருக்கும் தெரியாது. ட்ரான்ஸிஸ்டரும் சூட்டில் தவிக்காது, குரலும் சுத்தமாகப் போகும். போர்டோடு சேர்த்து 50 ஓம், 100 வாட் டம்மி லோட் ஒன்றையும் கட்டளை போடச் சொன்னேன். பயஸ் அமைத்து, ஃபில்டர் பூட்டி, தெரிந்த ஒருவரின் அலைக்கற்றைக் காட்டியில் (ஸ்பெக்ட்ரம் அனலைசர்) 14, 21 மெகாஹேர்ட்ஸில் என்ன நிற்கிறது என்று பார்த்த பிறகே அன்டெனா வயரை அதில் திருக வேண்டும்.